ஏழு வருஷத்துப் பால்

பகவதியப்பனின் பஸ் ஓடாமல் நின்றது 1932-ல், கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு புரட்டாசியில். பூதப்பாண்டிக்கும் நாகர்கோவிலுக்குமாக ஐந்து வருஷம் நாளைக்கு நாலு நடை போய்வந்த வண்டி. அன்றைக்கு இறச்சகுளம் தாண்டியதும் முன்சக்கரம் வெடித்து, வயல் வரப்பில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. கத்திரிக்காய்க் கூடையோடு இருந்த பெண்கள் இறங்கி, சிதறிய காயைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்னொரு கம்பெனியின் புது வண்டி வந்தது. எல்லோரும் அதில் ஏறிப் போய்விட்டார்கள். வண்டிக்கூலியைத் திருப்பிக் கேட்கக்கூட ஒருவரும் நிற்கவில்லை.

மத்தியானம் இரண்டு சோடி உழவு மாடு கட்டி வண்டியை ஊருக்குள் இழுத்து வந்தார்கள். பகவதியப்பன் பின்னால் நடந்து வந்தார். தெருவில் நின்றவர்கள் ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்து முகத்தை இறுக்கி வைத்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சொர்ணம்மாள் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் எடுத்து வைத்தாள். அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“நாலு டயரும் மாத்தணும். பழசு இனி ஒட்டாதுன்னு டிரைவர் சொல்லியாச்சு. இஞ்சின்லயும் பணி கெடக்கு” என்றார்.

“எவ்வளவு ஆகும்?”

“டயர் ஒண்ணு தொண்ணூறு ரூபா. அதுவும் கைக்காசு குடுத்தாத்தான் எடுத்துத் தருவான்.”

அவர் அடுத்து எங்கே வரப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“செங்கச் சூளைக்காரன் மூணு தடவ வந்து கேட்டுட்டான். ஒனக்க மலையில நிக்க மரத்த மூட்டோட வெட்டி எடுத்துக்கிட்டு நானூறு ரூபா தாறேன்னுகான். மண்ணு ஒனக்குத்தான். பெறவு மரச்சீனிக் கெழங்கு போடு, வாழ போடு, என்னமும் போடு.”

வண்டியும் மரமும் ஒரே வருஷத்தில் அந்த வீட்டுக்குள் வந்தவை. நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்குப் புதுச்சட்டம் வந்து, மருமக்கள் வழி ஒழிந்து, கூட்டுச் சொத்துகளெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பிரிந்த நேரம். அதுவரை ஒருவன் இறந்தால் அவன் சொத்து அக்கா தங்கைமாரின் பிள்ளைகளுக்குப் போகும். சொர்ணம்மாளின் அப்பா இறந்த பதினாறாம் நாள், அவருடைய மருமகன்மார் வந்து நெல் பத்தாயத்துச் சாவியை அவள் அம்மையின் இடுப்பிலிருந்து கேட்டு வாங்கினார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் அன்றைக்கு அம்மையின் கை இடுப்பில் சாவி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. அப்போது சொர்ணத்துக்குப் பன்னிரண்டு வயது.

முப்பத்துநாலாம் வயதில் அவள் கைக்கென்று பங்கு வந்தபோது, ஊரில் பங்கு வாங்கிய பலர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாள். சிலர் கேஸ் நடத்தினார்கள். ஒருவர் கிராமபோன் வாங்கினார். பகவதியப்பன் தன் பங்கில் பாதியை விற்று பஸ் வாங்கினார். அது அவ்வளவு மோசமான யோசனையும் இல்லை. முதல் இரண்டு வருஷம் அவர் வீட்டுக்கு வரும்போது மடி நிறையத் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு குலுங்கும்.

சொர்ணம்மாள் தன் பங்கில் அரைக்கோட்டை விதைப்பாட்டு வயலை விற்று, தடிக்காரன்கோணத்துக்கு அப்பால் கரும்பாறைவிளையில் ஏழு ஏக்கர் மலைச்சரிவு வாங்கினாள். ஊரே சிரித்தது. நெல் விளையும் வயலைக் கொடுத்துக் காட்டை வாங்குவார்களா?

அதை அவளுக்குச் சொன்னவன் ஜெபதாஸ். அருமனைப் பக்கத்து ஆள். வெள்ளைக்காரன் எஸ்டேட்டில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிற வேலை. அறுப்புக் காலத்தில் மனைவி குளோரியோடு பூதப்பாண்டி வயலுக்கு வருவான். ஒருநாள் களத்தில் கூலிநெல் வாங்க நின்றவனிடம், மலையில் என்ன வேலை என்று அவள் பேச்சுக்குக் கேட்கப்போக, அவன் சொல்லிக்கொண்டே போனான்.

“நான் பறையியத கேளுங்கம்மா. ரப்பர் வித்து எனக்க கையில உண்டு. ஏழு வருசம் ஒண்ணும் கிட்டாது. ஒரு சக்கரம் கிட்டாது. பெறவு முப்பது வருசம் மரம் நிக்கும். நாளும் வெட்டலாம், நாளும் பால் கிட்டும்.”

“ஏழு வருஷம் யாரு பாத்துக்கிடுகது?”

“நானும் இவளும் அங்க குடில் கெட்டிக் கெடக்கோம். மரம் சின்னதா நிக்கிய மூணு வருசம் எடையில மரச்சீனி நட்டு அத நாங்க எடுத்துக்கிடுவோம். கூலி வேண்டாம். பால் வெட்டத் தொடங்கினா காப்பங்கு, நாலுல ஒண்ணு, தந்தா போதும்.”

அன்றிரவு அவள் தன் மகள் தாணம்மாளின் வயதோடு ஏழைக் கூட்டிப் பார்த்தாள். மகளுக்கு ஆறு. மரம் பால் கொடுக்கும்போது பதின்மூன்று. மகளுக்கு முப்பது ஆகும்போதும் மரம் நிற்கும். அந்த எண்ணம் அவளுக்குப் பிடித்தது. அடுத்த ஆனிச் சாரலில் கன்று வைத்தாயிற்று.

அப்போது ஒரு ராத்தல் ரப்பர் ஷீட் ஒரு ரூபாய்க்கு, அதாவது இருபத்தெட்டு சக்கரத்துக்கு மேல் விற்றது. ஐந்து வருஷத்தில் உலகத்தில் எங்கெங்கோ என்னென்னவோ நடந்து, அதே ஒரு ராத்தல் இரண்டு சக்கரத்துக்கு இறங்கிவிட்டது. நெல்லும் விழுந்தது, கோட்டைக் கணக்கில் நெல்லைக் கொண்டு போனாலும் வாங்க ஆளில்லை. எஸ்டேட் துரைமார் பால்வெட்டை நிறுத்திவிட்டார்கள். சின்னத் தோட்டக்காரர்கள் மரத்தைச் சாய்த்துக் கிழங்கு நட்டார்கள்.

“நான் ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள் சொர்ணம்மாள். “நீங்க வண்டி விட்ட வருஷம் நாரோயில் ரோட்டுல எத்தன பஸ் ஓடிச்சு?”

“ரெண்டு. எனக்குள்ளதும் சேத்து.”

“இப்பம்?”

“பதினொண்ணு. அதுனாலதானே நான் இந்தக் கதியில இருக்கேன்.”

“பதினொண்ணுக்கும் டயர் வேணும். தேயத் தேய மாத்தணும். திருவனந்தபுரத்துக்கு ஓடுகது எத்தனையோ, திருநெல்வேலிக்கு ஓடுகது எத்தனையோ. ரோடு போட்டுக்கிட்டேதான் இருக்கான். பெறகு எப்பிடி ரப்பர் வேண்டாம்னு ஆகும்?”

“தொரமாரே பூட்டிட்டுப் போறான். அவனவிட ஒனக்கு வெவரம் தெரியுமோ?”

“தெரியாது” என்றாள். உண்மையாகவே தெரியாதுதான். “ஆனா அவன் கடன் வாங்கி நட்டிருப்பான். நான் வாங்கல்ல. அவனுக்கு அவசரம் உண்டு, எனக்கு இல்ல.”

“எனக்கு உண்டு” என்றார் பகவதியப்பன். அதைச் சத்தம் போடாமல் சொன்னார். “ஏட்டி, அந்த வண்டியில ஏறி உக்காந்தாத்தான் நான் ஒரு மனுசன்னு எனக்குத் தோணுகு. மாமன் சொத்துல தின்னவன்னு ஒருத்தனும் சொல்லமாட்டான். அத நான் எப்பிடி விடுகது?”

மலைக்குப் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னாள்.

மறுநாள் வில்வண்டி கட்டிக்கொண்டு தனியாகப் போனாள். தடிக்காரன்கோணத்தில் வண்டியை அவிழ்த்துவிட்டு, அங்கிருந்து ஒன்றரை மைல் ஏற்றம். சாரல் விட்டிருந்தது, மண்ணில் அட்டை ஊர்ந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு வருஷமாக வந்திருக்கவில்லை. மரங்கள் அவள் நினைத்ததைவிட உயர்ந்திருந்தன. ஐந்து வயது மரம், இரண்டு கையாலும் பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ளாத அளவு தடிமன். வரிசை வரிசையாக நிழல். அவளுக்கு மூச்சு வாங்கியது. அது ஏற்றத்தால் மட்டுமல்ல.

அப்புறம்தான் கீழ்ச்சரிவைப் பார்த்தாள். ஓடையை ஒட்டி ஒரு பெரிய வெளிச்சம். நாற்பது மரம் இருக்கும், அடியோடு வெட்டியிருந்தது. அந்த இடத்தில் இடுப்பளவு மரச்சீனி நின்றது.

“ஜெபதாஸ்!” என்றாள்.

குடிலிலிருந்து அவன் வெளியே வந்தான். மெலிந்திருந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“யாரக் கேட்டு வெட்டினே?”

பின்னாலிருந்து குளோரிதான் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, காலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

“நான்தான் வெட்டச் சொன்னேன். அவருக்க மேல கோவப்படாண்டாம்.”

“அஞ்சு வருஷம் வளத்த மரம் குளோரி. ஒனக்குத் தெரியாதா?”

“தெரியாம என்னம்மா? ஒவ்வொண்ணுக்கும் தண்ணி சொமந்து விட்டது எனக்க இடுப்புல்லா. மரம் பெருசாயி நெழல் விழுந்தப்பம் எடையில கெழங்கு வராமப் போச்சு. பெறவு எஸ்டேட்டுல கூலிக்குப் போனாரு. அதும் பூட்டியாச்சு. ரெண்டு வருசமா நாங்க என்னத்தத் தின்னோம்னு நீங்க ஒருநாளு கேட்டியளா?”

“வந்து கேட்டிருந்தா தரமாட்டேனா?”

“காப்பங்குன்னுதானே பேச்சு. இல்லாத பால்ல காப்பங்கு கேட்டு வரவா?” குளோரி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “ஒங்களுக்குக் காத்திருக்கலாம். பத்தாயத்துல நெல்லு கெடக்கு. இன்னும் ஏழு வருசம் வேணும்னாலும் காத்திருக்கலாம். நாங்க இந்த மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தா வயிறு நெறயுமா?”

சொர்ணம்மாளுக்குக் கோபம் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது வெட்கம். ஐந்து வருஷம் தான் பொறுத்திருந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பொறுத்தது இவர்கள். அவள் செய்ததெல்லாம் அரைக்கோட்டை வயலை விற்றது மட்டும்.

ஜெபதாஸ் மெல்லச் சொன்னான்: “வளைஞ்சதும் நோஞ்சானுமாப் பாத்துத்தான் வெட்டினேன்மா. நல்ல மரத்துல கை வைக்கேல்ல. சூளைக்காரன் எங்கிட்டயும் வந்தான். ராத்திரியில வெட்டிக் கடத்தலாம், பாதிக் காசு ஒனக்குன்னான். நான் சம்மதிக்கேல்ல.”

உச்சிவேளை ஆகியிருந்தது. குளோரி உள்ளே போய் கிழங்கை அவித்து எடுத்து வந்தாள். காந்தாரி மிளகும் உப்பும் நசுக்கியது ஓர் இலைத்துண்டில். பூதப்பாண்டிக்காரி இங்கே கை நனைப்பாளா என்ற தயக்கம் அவள் நின்ற நிலையில் தெரிந்தது. சொர்ணம்மாள் தரையில் உட்கார்ந்து இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. நல்லதாகப் போயிற்று.

“இன்னும் ரெண்டு வருஷம் கெடந்தா வெட்டலாம் இல்லியா?” என்று கேட்டாள்.

“வெட்டலாம். வாங்க ஆளுண்டான்னு கேட்டா எனக்குத் தெரியாது” என்றான் ஜெபதாஸ்.

“எனக்கும் தெரியாது.”

இறங்கும்போது வழியெல்லாம் யோசித்தாள். பத்தாயத்தில் கிடக்கும் நெல்லைச் சந்தைக்குக் கொண்டு போனால் விலையில்லை. வண்டிக்கூலி போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆனால் அதே நெல் இந்த மலைக்கு வந்தால் நாலு வயிற்றுக்குச் சோறு. சோறு இருந்தால் மரம் நிற்கும். இது இத்தனை நாள் தன் புத்தியில் ஏன் ஏறவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் சோறு மட்டும் போதாது என்றும் தோன்றியது. குளோரி சொன்ன ‘இல்லாத பால்’ மனதில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் பகவதியப்பனிடம் சொன்னாள்: “மரத்த விக்கல்ல. மாசம் ஒரு கோட்டை நெல்லு மலைக்குப் போகும். பெறகு, ஓடைப்பக்கம் ஒண்ணரை ஏக்கர் குளோரி பேருக்கு எழுதிக் குடுக்கப் போறேன். வெட்டின எடமும் சேத்து, நிக்க மரமும் சேத்து.”

“ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? மரத்த வெட்டினவளுக்கு மண்ண எழுதிக் குடுக்கதா?”

“பசியோட ஒருத்தர் அடுத்தவன் மரத்துக்குக் காவல் கெடக்கணும்னு நெனச்சது எனக்க தப்பு. அவளுக்கும் அங்க ஒண்ணு நிக்கணும். அப்பந்தான் அவளும் காத்திருப்பா.”

“எனக்கு நாலு டயர் வாங்கித்தர ஒங்கிட்ட இல்ல. அவளுக்குக் குடுக்க ஒண்ணரை ஏக்கர் இருக்கு!”

“இந்த மரத்த வித்து நாலு டயர் போட்டா எத்தன மாசம் ஓடும்? சொல்லுங்க. அது தேஞ்ச பெறகு எதை விக்கது?”

“அப்பம் வண்டிய வித்துரச் சொல்லுக.”

அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பஸ் நின்ற கொட்டகையிலேயே ஒன்பது நாள் கிடந்தார். தாணம்மாள் தூக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டு போவாள். பாதி திரும்பி வரும். சொர்ணம்மாள் இரண்டு தடவை கொட்டகை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். சரியானதைச் செய்கிறோம் என்ற நிச்சயம் இருந்தால் உள்ளே போயிருப்பாள். அது அவளிடம் இல்லை. மரம் கடைசிவரை விலைபோகாமல் நின்றால், அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

பத்தாம் நாள் மார்த்தாண்டத்திலிருந்து ஒருவன் வந்து வண்டியை விலை பேசினான். எஞ்சினைக் கழற்றி ஒரு கட்டைவண்டியில் ஏற்றினான்; கூட்டை மற்றொன்றில் ஏற்றினான். பகவதியப்பன் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு, “சோறு போடு” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வயலைப் பார்த்துக்கொண்டார். ரோட்டில் நடக்கும்போது பஸ் வந்தால் முகத்தை வயல்பக்கம் திருப்பிக்கொள்வார். மலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாதம் ஒரு கோட்டை நெல் வண்டியில் ஏறும்போது வீட்டில் இருக்க மாட்டார்.

பத்திரம் பதிவான அன்று குளோரி வெள்ளைச் சட்டையும் முண்டுமாக வந்திருந்தாள். பெருவிரலில் மை தடவி உருட்டினாள். பதிவுக் கச்சேரிக்கு வெளியே வந்ததும், “இனி ஒரு கம்பு வெட்டணும்னாலும் எனக்கு மனசு வராது” என்றாள்.

இரண்டு வருஷம் போயிற்று. மெதுவாகப் போயிற்று. 1934-ல், வெயில் காலம் முடியும்போது, ரப்பர் விலை ஏறுகிறது என்று பேச்சு வந்தது. பல நாட்டுச் சர்க்காரும் சேர்ந்து, இனி புதிதாக யாரும் ரப்பர் நடக்கூடாது, இவ்வளவுக்கு மேல் விற்கக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு சக்கரம் ஐந்தாயிற்று, ஏழாயிற்று. பழைய ஒரு ரூபாய் வரவில்லை. ஆனாலும் வாங்க ஆள் வந்தார்கள். மரத்தைச் சாய்த்தவர்கள் மறுபடி நட முடியாமல் கையைப் பிசைந்தார்கள். புரட்டாசியில் ஜெபதாஸ் கரும்பாறைவிளையில் முதல் வெட்டு வெட்டினான்.

முதல் பணம் வந்த அன்று சொர்ணம்மாள் அதைக் கணவர் முன்னால் கொண்டு வைத்தாள்.

“வேணும்னா சின்னதா ஒரு வண்டி பாக்கலாம்” என்றாள்.

அவர் பணத்தைத் தொடவில்லை. “எனக்கு நாப்பத்தொம்பது ஆச்சு. நீ நட்டப்பம் கூட நின்னு நானும் நாலு ஏக்கர் நட்டிருக்கலாம். அப்பம் எனக்கு அண்ணண்ணைக்குக் காசு குலுங்கணும். இப்பம் நடலாம்னாலும் நட விடமாட்டான்” என்றவர், சற்றுப் பொறுத்து, “தாணுவுக்க படிப்புக்கு வச்சுக்க. பள்ளிக்கூடத்த நிறுத்தாண்டாம்” என்றார்.

கார்த்திகை மாதம் குளோரியிடமிருந்து ஆள் வந்தது. ஜெபதாஸுக்கு மலைக்காய்ச்சல். ஐந்து நாளாக அவள் தனியாக வெட்டுகிறாள். வண்டிக்காரனோ தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தான். மாட்டைப் பூட்ட ஆளில்லை. பகவதியப்பன் எழுந்து தார்க்கம்பை எடுத்தார். விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறும் நேரத்தில் அடிவாரம் போய்ச் சேர்ந்தார்கள். வெயில்தான் வரவில்லை. மலை முகட்டில் கருமேகம் கூடி நின்றது.

மேலே போனபோது குளோரி மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மரத்திலும் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையில் பால் நிறைந்திருந்தது. காலையில் வெட்டியது. மழைத் தண்ணீர் விழுந்தால் அத்தனையும் பாழ்.

“அம்மா, அந்த வாளிய எடுங்க! மழ வருது!” என்று அங்கிருந்தே கத்தினாள்.

சொர்ணம்மாள் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மேல் வரிசைக்கு ஓடினாள். குடிலுக்குள் கம்பளியைப் போர்த்திக் கிடந்த ஜெபதாஸ் எழப் பார்த்து, முடியாமல் சாய்ந்தான். பகவதியப்பன் நடுவில் நின்றார். வாழ்க்கையில் அந்த மரங்களை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பக்கத்து மரத்தில், கீறலின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்று, அப்புறம் சிரட்டைக்குள் விழுந்தது. அடுத்த சொட்டு திரள வெகுநேரம் பிடித்தது.

“இவ்வளவு பையவா வரும்?” என்றார், யாரிடமோ.

மேலே இலைகளில் மழை இறங்கும் சத்தம் தூரத்திலிருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு முதல் சிரட்டையை அதில் கவிழ்த்தார், கையெல்லாம் பால். அடுத்த மரம். அதற்கடுத்தது. சரிவில் வழுக்கி முழங்காலை ஊன்றி எழுந்தார். ஓடையை நோக்கி இறங்கும் இடத்தில் நின்று கத்தினார்.

“ஏ குளோரி! ஒனக்க மரம் எதுவரைக்கும்? எங்களுக்குள்ளது எது?”

“அத இப்பம் கேக்கதுக்கு நேரமில்ல!” என்று மரங்களுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. “ஓடுங்க! எல்லாத்தையும் எடுங்க!”

அவர் ஓடினார்.